ஏழு குறிஞ்சி பார்த்த அப்பத்தா

பட்டிமன்றத் தலைப்பு: மலையூர் பெரிதும் இனிப்பது வந்து பார்ப்பவருக்கே! / வாழ்ந்து பார்ப்பவருக்கே!

அணி: வாழ்ந்து பார்ப்பவருக்கே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணியின் தோழர்களே! அரங்கு நிறைந்த பெருமக்களே! பொங்கல் சாப்பிட்டுவிட்டு, கரும்பைக் கடித்துக்கொண்டே வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

அய்யா, எதிரணித் தலைவர் நல்லாப் பேசினார். நான் மறுக்கலை. "கொடைக்கானலுக்குப் போனேன், ரெண்டு நாள், பதிமூணு இடம் பார்த்தேன்" என்றார். பதிமூணு இடம் பார்க்க ரெண்டு நாள். அதிலே சாப்பாடு, தூக்கம், போட்டோ எல்லாம் போக, ஓர் இடத்துக்கு எத்தனை நிமிஷம் வரும்? நாம பெண் பார்க்கப் போனாக்கூட பஜ்ஜி சாப்பிடற நேரமாவது உட்காருவோம் அய்யா! (சிரிப்பு, கைதட்டல்)

நான் கொடைக்கானல்வாசி. பிறந்தது வத்தலக்குண்டுப் பக்கம் சமவெளி. 1995-ஆம் ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுக்கிற வேலை கிடைத்து மலையேறினேன். "ரெண்டு வருஷம் இருந்துட்டு மாறுதல் வாங்கிட்டு வந்துடு, குளிர் உனக்கு ஒத்துக்காது" என்று அம்மா சொன்னாங்க. இன்னும் மாறுதல் வாங்கலை. குளிருக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு. (சிரிப்பு)

எதிரணியிலே இருக்கிற சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. "உள்ளூர்க்காரன் எவனாவது படகிலே போறானா? பில்லர் ராக்ஸ் போறானா? பிரையன்ட் பூங்காவுக்குப் போறானா? அனுபவிக்கவே தெரியாத உனக்கு மலை எப்படி இனிக்கும்?" அதோட, "உள்ளூர் மாடு விலை போகாது" என்று ஒரு பழமொழியையும் எடுத்து விட்டாங்க. உண்மைதான் சகோதரி, உள்ளூர் மாடு விலை போகாது. ஆனா வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறது அந்த உள்ளூர் மாடுதான்! (பலத்த கைதட்டல்)

சரி, உள்ளூர்க்காரன் எதைத்தான் அனுபவிக்கிறான்? அதைச் சொல்லத்தானே இங்கே வந்திருக்கிறேன். அதுக்கு முன்னாலே, எனக்குச் சோறு போடுகிற தொல்காப்பியரை ஒரு நிமிஷம் கூப்பிட்டுக்கிறேன்.

அய்யா, மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. இது நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். குறிஞ்சிக்கு நேரம் எது, காலம் எது என்றும் தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். பொழுது யாமம். பருவம் கூதிர். முன்பனியும் அதற்கு உரியது. கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. முன்பனி என்றால் மார்கழி, தை. அதாவது மலை தன்னுடைய முழு அழகோடு இருப்பது ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். அதிலும் ராத்திரியிலே! எதிரணித் தலைவர் எப்போ போனார்? மே மாசம். மத்தியானம் பன்னிரண்டு மணி! (சிரிப்பு) கச்சேரி முடிஞ்சு, பாய் சுருட்டி, மைக் கழட்டினதுக்கப்புறம் வந்து, "பாட்டு சுமார்" என்று சொன்னா எப்படி அய்யா?

வந்து பார்ப்பவருக்குக் காலம் அவர் கையிலே இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டாத்தான் அவர் வர முடியும். மலைக்கோ லீவு எப்போன்னு தெரியாது. அது தன் காலத்திலேதான் பூக்கும், தன் காலத்திலேதான் பனி கொட்டும். அந்தக் காலத்துக்காகக் காத்துக் கிடக்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். என் வாதமே இதுதான்.

இப்போ ஒவ்வொன்றாச் சொல்றேன்.

முதலாவது, ஏரி. 1863-லே வெரே லெவிஞ்ச் என்கிற வெள்ளைக்காரக் கலெக்டர் ஓடைகளுக்குக் கரை கட்டித் தேக்கிய ஏரி. நட்சத்திரம் மாதிரி கை கை நீட்டிக்கொண்டு கிடக்கும். சுற்றி வந்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். வந்து போகிறவர் அதைப் பார்க்கிறது பத்து மணிக்கு மேலே. அப்போ தண்ணியை விடப் படகு ஜாஸ்தி! (சிரிப்பு) நாங்க போறது காலையிலே ஆறு மணிக்கு. சைக்கிள் வாடகைக்கடைக்காரர் சைக்கிளுக்கே போர்வை போட்டு மூடி வச்சிருப்பார். தண்ணிக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குப் புகை மாதிரி பனி நிற்கும். வெயில் வர வர அது கிழிஞ்சு கிழிஞ்சு மேலே போகும். மார்கழிக் கடைசி, தை முதல்லே பார்த்தீங்கன்னா, கரையோரப் புல்லெல்லாம் உறைபனியிலே வெள்ளை வெளேர்னு கிடக்கும். காலை வச்சா அப்பளம் நொறுங்கற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்க டிக்கெட் கிடையாது அய்யா. எழுந்திரிக்கணும், அவ்வளவுதான். எதிரணித் தலைவர் அந்த நேரத்திலே விடுதியிலே மூணு கம்பளியைப் போர்த்திக்கிட்டு, "ஹீட்டர் வேலை செய்யலை"ன்னு போன் பண்ணிக்கிட்டு இருப்பார்! (சிரிப்பு)

கம்பளி என்றதும் ஞாபகம் வருது. எங்க மலைக்குக் கீழே இருக்கிற பழனிக்குப் பழைய பெயர் பொதினி. அந்தப் பக்கத்தை ஆண்ட வள்ளல் பேகன், மயில் குளிரிலே நடுங்குதுன்னு நினைச்சுத் தன் போர்வையைக் கொடுத்தான். மயில் கேட்கலை, மயிலுக்குத் தேவையும் இல்லை. ஆனாலும் கொடுத்தான். இன்னிக்கு அந்தப் பேகன் ஏரிக்கரைக்கு வந்திருந்தா என்ன ஆகும்? நம்ம ஸ்வெட்டர் கடைக்காரர், "மயிலுக்கு ஒண்ணு எடுத்தீங்க, மயில் சம்சாரத்துக்கு யார் எடுப்பாங்க?"ன்னு இன்னொண்ணையும் தலையிலே கட்டியிருப்பார்! (சிரிப்பு, கைதட்டல்)

ரெண்டாவது, வெயில் காயறது. கீழே இருக்கிறவங்க சிரிப்பீங்க. மதுரையிலே வெயில்னா எதிரி. எங்க ஊர்லே வெயில் விருந்தாளி. மார்கழி மாசம் காலை ஒன்பது மணிக்கு எந்தத் திண்ணையிலே வெயில் விழும், பத்து மணிக்கு அது எந்தப் படிக்கு நகரும், பதினொரு மணிக்கு எந்தச் சுவரைப் பிடிக்கும் என்று ஒவ்வொரு வீட்டுக் கிழவிக்கும் தெரியும். கையிலே முறம், முறத்திலே பூண்டு. உரிச்சுக்கிட்டே வெயிலோடு சேர்ந்து நகர்ந்துக்கிட்டே போவாங்க. அரை நாள் முடியறப்போ ஊர்க் கதை எல்லாம் பேசி முடிஞ்சிருக்கும், பூண்டு மட்டும் பாதி மிச்சம் இருக்கும்! (சிரிப்பு)

மூணாவது, சந்தை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மேல்மலைக் கிராமங்களிலேயிருந்து, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்திலேயிருந்து காயும் கிழங்கும் வந்து இறங்கும். கேரட், பீன்ஸ், சௌசௌ, பிளம்ஸ் காலத்திலே பிளம்ஸ், பேரிக்காய் காலத்திலே பேரிக்காய். அதிலே ராஜா, எங்க மலைப்பூண்டு. பல்லு சின்னது, காரம் பெரிசு. பக்குவமா வச்சிருந்தா ஒரு வருஷம் வரைக்கும் கெடாது. 2019-லே அதுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. அதே வருஷம் கீழே பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடுத்தாங்க. மேலே காரம், கீழே இனிப்பு, ரெண்டுக்கும் ஒரே வருஷம் பட்டாபிஷேகம்! (கைதட்டல்) சந்தையிலே எங்களுக்குப் பிடிச்சது வாங்கறது இல்லை அய்யா. விசாரிக்கறது. "உங்க பக்கம் மழை எப்படி? மக பிரசவத்துக்கு வந்துட்டாளா? போன வாரம் காணலையே?" பூண்டு கால் கிலோ, பேச்சு ரெண்டு கிலோ. வந்து பார்ப்பவருக்குக் கால் கிலோ பூண்டு கிடைக்கும். அந்த ரெண்டு கிலோ கிடைக்குமா?

நாலாவது, கோக்கர்ஸ் வாக். 1872-லே மலைச் சரிவிலே போட்ட நடைபாதை. ஒரு கிலோமீட்டர் நீளம் வரும். எதிரணி நண்பர் சொன்னார், "நான் போனப்போ ஒரே மேகம், ஒண்ணும் தெரியலை, காசு வேஸ்ட்." அய்யா, அந்த மேகம்தான் காட்சி! சாயங்காலம் நமக்குப் பின்னாலே வெயில், முன்னாலே பள்ளத்தாக்கு நிறைய மேகம். அபூர்வமா, எப்போவாவது ஒரு நாள், நம்ம நிழல் அந்த மேகத்து மேலே விழும். நிழலோட தலையைச் சுற்றி வட்டமா ஒரு வானவில் நிற்கும். இத்தனை வருஷத்திலே நான் பார்த்தது ரெண்டே தடவை. பார்த்த அன்னிக்கு வீட்டுக்குப் போய், "இன்னிக்கு என் தலைக்குப் பின்னாலே ஒளிவட்டம் இருந்தது"ன்னு சொன்னேன். என் மனைவி, "அது அங்கேயே இருக்கட்டும், வர்றப்போ பால் வாங்கிட்டு வந்தீங்களா?"ன்னு கேட்டாங்க! (பலத்த சிரிப்பு)

தினம் பார்க்கிறவனுக்குச் சலிச்சுப் போகும் என்று சகோதரி சொன்னாங்க. சலிக்குமா? எங்க ஊர்லே 1899-லேயிருந்து சூரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருக்குது. அங்கே என்ன வேலை? சூரியனைப் படம் பிடிக்கிறது. நேத்தும் அதே சூரியன், இன்னிக்கும் அதே சூரியன். நூறு வருஷத்துக்கு மேலாப் படம் எடுத்துச் சேர்த்து வச்சிருக்காங்க. அங்கே இருந்த எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி, 1909-லே சூரியனில் இருக்கிற கரும்புள்ளிகளிலே வாயு எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சார். இன்னிக்கும் உலகம் முழுக்க அதுக்கு அவர் பெயர்தான். ஒரு நாள் பார்த்தா சூரியன் கண்ணைக் கூசும் அய்யா. தினம் தினம் பார்த்தாத்தான் அதனோட மச்சம் தெரியும்! (பலத்த கைதட்டல்) மலையும் அப்படித்தான். கட்டின மனைவியும் அப்படித்தான், நான் வீட்டுக்குப் போகணும், அதையும் சொல்லி வச்சுடறேன். (சிரிப்பு)

ஐந்தாவது, யாமம். தொல்காப்பியர் சொன்ன அந்தப் பொழுது. கடைவீதி அடைச்சாச்சு. வீட்டுக்குள்ளே குமுட்டி அடுப்பிலே கரி போட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வச்சு, சுற்றி எல்லாரும் உட்காருவோம். தகரக் கூரை மேலே சாரல் விழற சத்தம் கேட்கும். அந்தக் கணப்பைச் சுற்றி மாமியாரும் மருமகளும்கூடப் பக்கத்திலே பக்கத்திலே உட்கார்ந்தாகணும். தள்ளி உட்கார்ந்தா குளிரும்! (சிரிப்பு) குறிஞ்சிக்கு உரிப்பொருள் கூடல் என்று எழுதினாங்களே, தலைவனும் தலைவியும் மட்டுமா கூடறாங்க? குளிர் ஒரு குடும்பத்தையே கூட்டி வைக்குது. விடுதியிலே நாலு பேருக்கு ரெண்டு அறை, ஆளுக்கொரு போன். எங்கே அய்யா கூடல்?

இப்போ நான் ஒரு சம்பவம் சொல்லணும். அதைச் சொன்னா என் அணிக்குப் பலமா பலவீனமா என்று எனக்கே தெரியலை. சொல்லிடறேன். தீர்ப்பு உங்க கையிலே.

நாங்க முதன்முதலாக் குடியிருந்த வீட்டுக்காரம்மா பூம்பாறையிலே பிறந்தவங்க. ஊருக்கே அவங்க அப்பத்தா. நான் குடிவந்த அன்னிக்கு முகத்தைப் பார்த்துட்டு அவங்க சொன்ன முதல் வார்த்தை, "என்ன வாத்தியாரு தம்பி, ஒரு வருஷம் பிந்திட்டியே!" எனக்கு ஒண்ணும் புரியலை. முந்தின வருஷம், 1994-லே, குறிஞ்சி பூத்திருக்கு. மலைச்சரிவெல்லாம் நீலமாக் கிடந்திருக்கு. அடுத்தது எப்போ? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதானே. 2006. பதினோரு வருஷம் காத்திருந்து பார்த்தேன் அய்யா.

அப்பத்தாகிட்ட வயசைக் கேட்டா வருஷத்திலே சொல்ல மாட்டாங்க. "எனக்கு என்னப்பா, அஞ்சு குறிஞ்சி ஆச்சு" என்பாங்க. 2006-க்கு அப்புறம் ஆறு ஆச்சு. நம்ம பிறந்த நாளுக்கு நாம கேக் வெட்டறோம். அவங்க பிறந்த நாளுக்கு மலையே பூக்கும்!

2013-ஆம் வருஷம், மே மாசம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பத்தாவுக்கு நெஞ்சு வலி. ஊர் ஆஸ்பத்திரியிலே முதலுதவி செஞ்சுட்டு, "உடனே கீழே கொண்டு போங்க" என்று ஆம்புலன்ஸிலே ஏத்திவிட்டாங்க. பக்கத்திலே நான். மழை வேற. செண்பகனூர் தாண்டி, வெள்ளி அருவிக்கு வர்றதுக்குள்ளே வண்டி நின்னு போச்சு. முன்னாலே கண்ணுக்கு எட்டின வரைக்கும் வேன், கார், பஸ். கீழே போறதும் நிக்குது, மேலே வர்றதும் நிக்குது. சைரன் அலறுது. ஒதுங்க இடம் இல்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அருவி ஓரமா வண்டியை நிறுத்திட்டுப் போட்டோ எடுக்கப் போனவங்க இன்னும் திரும்பலை.

எனக்குக் கோபம்னா அப்படி ஒரு கோபம். "இவனுங்க எல்லாம் எதுக்குடா வர்றானுங்க"ன்னு சத்தமாவே சொன்னேன். அப்பத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாங்க, "திட்டாத வாத்தியாரே. ஏழாவது பூவைப் பார்க்காமப் போயிடுவேனோன்னுதான் இருக்கு." (அரங்கில் அமைதி)

அப்போ முன்னாலே நின்ன வேனிலேயிருந்து ஏழெட்டுப் பசங்க இறங்கி வந்தாங்க. ஈரோட்டுப் பக்கம். தலையிலே அந்த ஏரிக்கரைக் குரங்குக் குல்லாய், காலிலே ரப்பர் செருப்பு. நான் திட்டினது அவங்க காதிலே விழுந்திருக்கும். ஒருத்தன் கண்ணாடி வழியா உள்ளே பார்த்தான். அப்பத்தாவைப் பார்த்தான். "டே, ஓடுங்கடா!"ன்னு ஒரே சத்தம். அந்த மழையிலே, அந்த இறக்கத்திலே, ஒவ்வொரு வண்டியாத் தட்டித் தட்டி, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க"ன்னு கத்திக்கிட்டே ஓடினாங்க. ஒரு காரை நாலு பேர் சேர்ந்து ஓரமாத் தள்ளினாங்க. பெருமாள் மலைக்குக் கிட்டே வரைக்கும் ஓடியிருக்காங்க அய்யா! எங்களுக்கு வழி கிடைச்சது. அருவியிலே குளிக்க வந்த பிள்ளைக, மழையிலே குளிச்சதுதான் மிச்சம். அப்பத்தா பிழைச்சாங்க. (நீண்ட கைதட்டல்)

இருங்க அய்யா, எதிரணி ரொம்ப உற்சாகமாக் கை தட்டுது. (சிரிப்பு) "பார்த்தீர்களா, வந்து பார்ப்பவர்தான் காப்பாற்றினார்" என்று அடுத்துப் பேச வருகிறவர் சொல்லப் போறார். கதை இன்னும் முடியலை.

அதிலே ஒரு பையன் என்கிட்ட போன் நம்பர் வாங்கி, "பாட்டி எப்படி இருக்காங்க"ன்னு தினம் விசாரிச்சான். அப்பத்தா வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பிள்ளைகளை மார்கழியிலே வரச் சொல்லு" என்றாங்க. மூணு பேர் வந்தாங்க. விடுதிக்குப் போகலை. எங்க வீட்டிலேதான் நாலு நாள். எந்த இடத்துக்கும் கூட்டிப் போகலை அய்யா. காலையிலே ஏரிக்கரையிலே பனியை மிதிச்சாங்க. ஒன்பது மணிக்குத் திண்ணையிலே உட்கார்ந்து அப்பத்தாவோட பூண்டு உரிச்சாங்க. ஞாயிறு சந்தையிலே மூட்டை தூக்கினாங்க. பூம்பாறைக்கு விவசாயிகளோட பஸ்ஸிலே போய், குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுட்டு, படிக்கட்டு மாதிரி இறங்கற வயலைப் பார்த்துட்டு வந்தாங்க. ராத்திரி குமுட்டியைச் சுற்றி உட்கார்ந்து அப்பத்தா சொன்ன பேய்க் கதையைக் கேட்டுட்டு, மூணு பேரும் ஒரே கட்டிலிலே படுத்தாங்க! (சிரிப்பு)

கிளம்பற அன்னிக்கு அந்தப் பையன் சொன்னான்: "சார், இதோட நாங்க நாலாவது தடவை கொடைக்கானல் வர்றோம். ஆனா இப்பத்தான் சார் பார்த்தோம்."

நடுவர் அவர்களே, இந்த ஒரு வாக்கியம் போதும், நீங்க தீர்ப்பு எழுத! (பலத்த கைதட்டல்) மூணு தடவை வந்து பார்த்தான், கிடைக்கலை. நாலு நாள் வாழ்ந்து பார்த்தான், கிடைச்சது. வாழறதுன்னா ரேஷன் கார்டு வாங்கறது இல்லை அய்யா. மே மாசம் அந்த ரோட்டிலே மழையிலே ஓடினானே, அந்த நிமிஷமே அவன் எங்க ஊர்க்காரன் ஆயிட்டான். ஓர் ஊரை அனுபவிக்கணும்னா, அந்த ஊர் மனுஷனோட வலி நமக்கு வலிக்கணும். மற்றபடி பார்க்கிறதெல்லாம் காலண்டர்ப் படம்தான்.

இதிலே எங்களுக்கு வயிற்றுப்பாடும் இருக்குது. மறைக்க மாட்டேன். வருகிறவங்க வரலேன்னா எங்க ஊர்க் கடைக்காரர், டிரைவர், விடுதியிலே வேலை பார்க்கிற பிள்ளைக, எல்லார் அடுப்பும் அணைஞ்சு போகும். ஆனா 2024 மே 7-ஆம் தேதியிலேயிருந்து எங்க மலைக்கு வர இ-பாஸ் வாங்கணும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. 2025-லே ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் வார நாளிலே 4000 வண்டி, வாரக் கடைசியிலே 6000 வண்டி, அதுக்கு மேலே வேண்டாம் என்று எண்ணிச் சொல்ல வேண்டி வந்தது. ஏன்? எல்லாரும் ஒரே மாசத்திலே, ஒரே பதிமூணு இடத்தை, ஒரே மாதிரி பார்க்க வர்றோம். குணா குகைன்னு ஒரு சினிமா பெயர் வச்சது, 1991-லே. 2024-லே இன்னொரு சினிமா வந்ததும் அங்கே நிற்க இடமில்லை. அந்தக் குகைக்கு மேலே இருக்கிற சோலைக்காட்டை எத்தனை பேர் பார்த்திருப்பாங்க? சோலை என்கிற நம்ம தமிழ்ச் சொல்லைத்தான் உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் அந்தக் காட்டுக்குப் பெயரா வச்சிருக்காங்க. மழைத் தண்ணியைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சுக்கிட்டு, வெயில் காலத்திலே கொஞ்சம் கொஞ்சமா விடற காடு. சண்முகா நதியும் மருதா நதியும் மஞ்சளாறும் இந்த மலைச் சரிவுகளிலேயிருந்துதான் கீழே இறங்குது. கீழே நீங்க சாப்பிடற சோத்திலே எங்க சோலைத் தண்ணி இருக்குது அய்யா. அப்போ நீங்களும் அந்த மலையோட வாழ்கிறவங்கதான். உங்களுக்கு அது தெரியலை, அவ்வளவுதான்.

(நேர மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சாச்சு. முடிச்சிடறேன்.

எங்க ஊர்லே குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்குது. 1936-லே லீலாவதி இராமநாதன் என்கிற அம்மையார் கட்டினது. பிறப்பாலே வெள்ளைக்காரப் பெண்மணி. தமிழ் வாழ்க்கைக்குள்ளே வந்து, முருகன் மேலே பக்தி கொண்டு, மலைக்கடவுளுக்குக் கோயில் எடுத்தாங்க. எங்கேயோ பிறந்து வந்தவங்கதான். நின்னாங்க, வாழ்ந்தாங்க, ஊருக்கே உறவாயிட்டாங்க. அந்தக் கோயில் பக்கத்திலே நின்னா, மேகம் விலகின சாயங்காலம், கீழே பழனி தெரியும்.

2018-லே குறிஞ்சி பூத்தது. அப்பத்தாவை நாற்காலியிலே உட்கார வச்சுத் தூக்கிக்கிட்டுப் போனோம். ஒரு பக்கம் நான். மறு பக்கம் யார் தெரியுமா? அந்த ஈரோட்டுப் பையன். பூவைக் காட்டினோம். அப்பத்தா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ஏழு" என்றாங்க. அவ்வளவுதான். (கைதட்டல்) அடுத்த மார்கழியிலே, திண்ணையிலே வெயில் காஞ்சுக்கிட்டு இருந்தப்போ, முறத்தை மடியிலே வச்சபடியே போயிட்டாங்க.

அடுத்த குறிஞ்சி 2030. எனக்கு ரெண்டு ஆச்சு, மூணாவதுக்குக் காத்திருக்கேன். அந்தப் பையனுக்கு இப்போ கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தை. "சார், அவளுக்கு முதல் குறிஞ்சி நாம காட்டறோம்"னு சொல்லி வச்சிருக்கான். நீங்களும் வாங்க. ஆனா மே மாசம் பதிமூணு இடம் பார்க்க வராதீங்க. ஐப்பசிக்கும் தைக்கும் நடுவிலே வாங்க. ஒரே இடத்திலே உட்காருங்க. ஒரு கிழவியோட பூண்டு உரிங்க. வண்டி நின்னா இறங்கி, பின்னாலே யாருக்காவது அவசரமா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

மலை அப்போ இனிக்கும். ஏன்னா, அப்போ நீங்க வந்து பார்ப்பவர் இல்லை, வாழ்ந்து பார்ப்பவர்! ஆகவே நடுவர் அவர்களே, மலையூர் பெரிதும் இனிப்பது வாழ்ந்து பார்ப்பவருக்கே, வாழ்ந்து பார்ப்பவருக்கே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)